அந்த இடத்துல ஆள் இருக்கு

படகு மோட்டார் பழுதுபார்க்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பிடிக்காத சத்தம் ஏதாவது காதில் விழுந்தால், தண்ணீர்ப் பீப்பாயில் முக்கிவைத்திருக்கும் எஞ்சினின் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் போதும். அது போடுகிற கூச்சலில் ஊரே அமுங்கிப்போகும். எல் ரெமான்சோ என்கிற ஊரில் ஆற்றங்கரையோரம் பட்டறை வைத்திருக்கும் தோரிபியோ அந்த வருஷம் முழுக்க இப்படித்தான் பெட்ரோலைப் பாழாக்கினான். காரணம் ஒரே ஒரு பாட்டு. பாடியவள் அவன் கூடப்பிறந்த தங்கை நெரேய்தா.

அந்தப் பாட்டிடமிருந்து தப்பிக்க ஊரில் இடமே இல்லை. பீர் வண்டிக்காரன் அதை அலறவிட்டுக்கொண்டு வருவான். மீன் கழுவுகிற பெண்கள் செதிலோடு செதிலாக அதையும் சீவித் தள்ளுவார்கள். "சிக்காகோவுல அரங்கம் நெறஞ்சு வழிஞ்சுதாம், மாட்ரிட் ரேடியோவுல பூரா இதுதானாம், ஜப்பான்காரன்கூட இதைப் போட்டு ஆடுறானாம்" என்று சாராயக்கடை பாஸ்குவால், ஏதோ தானே கூடப் போய்வந்தவன் மாதிரி அளப்பான். தோரிபியோவின் மனைவி மக்காரியா மட்டும் சமையலறையில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பாள். அவன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அணைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவாள். அந்த வருஷம் அந்த வீட்டில் எல்லாக் குழம்பிலும் வெங்காயம் தூக்கலாகவே இருந்தது.

பாட்டின் பேர் "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

பேரைக் கேட்டால் வெளியூர்க்காரன் சிரிப்பான். எல் ரெமான்சோக்காரன் சிரிக்க மாட்டான். பட்டறை இருக்கிற திசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வான்.

விஷயம் பழசு. எங்கள் பக்கத்தில் ஃபந்தாங்கோ என்கிற ஆட்டபாட்டம் நடக்கும்போது நடுவே ஒரு மரப்பலகை மேடை கிடக்கும். பெண்கள் ஏறி நின்று காலால் தாளம் உதைப்பார்கள். சுற்றி நிற்கிறவர்கள் ஹரானா என்கிற சின்னக் கித்தாரை மீட்டிக்கொண்டே இருப்பார்கள். யாராவது ஒருவர் நாலு வரி பாடுவார். பாடியவர் அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதில் நாலு வரி இன்னொரு வாயிலிருந்துதான் வரவேண்டும். தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்கிறவனை நாங்கள் பாட்டுக்காரன் என்று சொல்வதில்லை, ஐயோ பாவம் என்றுதான் சொல்வோம்.

தோரிபியோவும் நெரேய்தாவும் ஜோடி. அப்பாவும் அம்மாவும் போனபிறகு வீட்டில் மிஞ்சியது இவர்கள் இரண்டு பேரும் ரெக்கின்தோ என்கிற அப்பாவின் நாலு தந்தி வாத்தியமும்தான். அவன் வாசித்துக்கொண்டே பாடுவான், அவள் பலகையில் நின்று பதில் சொல்வாள். ஒருத்தரை ஒருத்தர் அப்படி வாருவார்கள். அவன் மூக்கைப் பற்றி அவள் ஒரு பாட்டு விட்டாளானால் ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவள் சமையலைப் பற்றி அவன் பதில் விடுவான். ஆற்றின் இரண்டு கரையிலும் அந்த ஜோடியை வெல்ல ஆள் கிடையாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கந்தெலாரியா மாதா திருவிழா. ஃபந்தாங்கோ சூடேறியிருந்த நேரம். நெரேய்தா பலகையை விட்டு இறங்கி அவன் காதருகே வந்து, "அண்ணே, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்றாள். அவன் தலையை ஆட்டினான். அவன் நாலு வரி பாடி நிறுத்தினான். பதில் வரவில்லை. இன்னொரு சுற்று வாசித்தான். வரவில்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் வடக்கே போகிற ஒரு வேனில் ஏறியிருந்தாள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அவள் செருப்பு ஒன்று படித்துறையில் கிடந்தது. வார் அறுந்த செருப்பு. அவள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் ஆற்றங்கரையில் வாழ்கிறவனுக்குப் படித்துறையில் ஒற்றைச் செருப்பைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? தோரிபியோ படகை இறக்கினான். கழியால் துழாவினான். கழி போதாமல் இறங்கிக் கையால் துழாவினான். விடிந்தும் ஏறவில்லை. ஊரே படகெடுத்துக் கூடத் தேடியது. பாஸ்குவால் கடையை மூடிவிட்டு மூச்சுப் பிடித்து மூழ்கினான்.

மூன்றாம் நாள் போன் வந்தது. மக்காரியாதான் எடுத்தாள். "அண்ணி, எல்லை தாண்டிட்டேன், நல்லா இருக்கேன், அண்ணன்கிட்ட சொல்லிடு." மக்காரியா திரும்பிப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு தோரிபியோ உட்கார்ந்திருந்தான். அந்தக் குரல் அவன் காதிலும் விழுந்தது. உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவன் உடம்பெல்லாம் ஆடியது. ஆடி அடங்கின பிறகு எழுந்துபோய் ரெக்கின்தோவைக் கோணிக்குள் கட்டி மச்சில் போட்டான்.

"நான் ஆத்துல தேடுன கதை அவ காதுக்குப் போகக் கூடாது" என்றான். "போச்சுன்னா இந்த வீட்டுல நான் இருக்கமாட்டேன்."

மக்காரியா வாக்குக் கொடுத்தாள். ஊரும் கொடுத்தது. நம்ப மாட்டீர்கள், அத்தனை ஓட்டைவாய்கள் உள்ள ஊரில் அந்த ஒரு விஷயம் மட்டும் வெளியே போகவில்லை. அவள் ஒவ்வொரு புதுவருஷத்துக்கும் போன் செய்வாள். அவன் ஒவ்வொரு புதுவருஷத்துக்கும் ஆற்றில் வேலையாக இருப்பான். யாராவது வாயைக் கிளறினால், "தண்ணி குடிக்கப் போனவதானே, இன்னும் தாகம் அடங்கலபோல" என்பான். அதற்குப் பிறகு அவன் பாடவே இல்லை.

அங்கே அவள் பாத்திரம் கழுவினாள், பிள்ளை பார்த்துக்கொண்டாள், ரயிலடியில் நின்று பாடினாள். குடியிருப்பு அனுமதிக் காகிதம் இல்லாதவள் ஊருக்கு வந்துவிட்டால் மறுபடி எல்லை தாண்ட முடியாது. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற ஒரு கறுப்பின மூதாட்டியும், பெட்டியைத் தட்டித் தாளம் வரவழைக்கிற ஒரு போர்ட்டோரீக்கோ பையனும் அவளோடு சேர்ந்தார்கள். ஹரானா ஒரு பக்கம், ஆர்கன் ஒரு பக்கம், அடியில் இயந்திரத் தாளம், மேலே எங்கள் ஆற்றுப் பாட்டு. பாட்டு முதன்முதலில் ஊருக்கு வந்தபோது பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"இது என்னடா, பாதி கோயிலு பாதி சாராயக்கடை?" என்றார்கள்.

"நம்ம ஊர்ல ரெண்டும் எதிரெதிர்லதானே இருக்கு" என்றான் பாஸ்குவால்.

அப்புறம் எல்லாருக்கும் பழகிவிட்டது. பழகியதோடு நிற்கவில்லை. அந்தப் பாட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. அவள் நாலு வரி பாடுவாள். பிறகு நாலு வரி நீளத்துக்கு வாத்தியம் மட்டும் போகும், குரல் இருக்காது. மறுபடி நாலு வரி, மறுபடி வெற்றிடம். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் அதை மௌனத்தின் அழகு, புது பாணி என்றெல்லாம் எழுதினார்களாம். எல் ரெமான்சோவில் அதைக் கேட்ட சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் அது என்னவென்று. அது பதிலுக்கு விட்ட இடம். வாய் சும்மா இருக்குமா? பீர் வண்டிக்காரன் ஒரு பதில் பாடுவான், மீன்காரி ஒன்று பாடுவாள், பேருந்து ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஒன்று பாடுவார். ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். பாஸ்குவால் நாற்பது வைத்திருந்தான்.

ஒருநாள் மக்காரியா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ரேடியோவுல நேத்து அவ பேசுனா."

"மீன்ல உப்பு பத்தல."

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு, நான் சொல்றதைக் கேளுய்யா. அந்தக் காலியிடத்துல சாக்ஸபோன் போட்டுடலாம்னு கம்பெனிக்காரன் சொன்னானாம். இல்லேன்னா ரெக்கார்டே வேண்டாம்னானாம். இவ முடியாதுன்னுட்டு எழுந்து வந்துட்டாளாம். வேற கம்பெனி கிடைக்க ஒரு வருஷம் அலைஞ்சாளாம்."

"எதுக்காம்?"

"'அந்த இடத்துல ஆள் இருக்கு'ன்னாளாம்."

தோரிபியோ மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தான். பொரித்த மொகர்ரா மீனில் அவ்வளவு முள் கிடையாது. "ரேடியோவுல பேசுறதுக்கு என்ன, வாய் இருந்தாப் போதும்" என்று எழுந்து கை கழுவினான். ஆனால் அன்று மத்தியானம் பட்டறையில் ஒரு வாடிக்கையாளரின் செல்போனில் பாட்டு ஓடியபோது கயிற்றை இழுக்க மறந்துபோனான். அவள் நாலு வரி பாடி நிறுத்தினாள். இடம் வந்தது. அவன் தொண்டை தானாக எழும்பியது. பல்லைக் கடித்தான். அந்தச் சுருதி அவனுக்குத் தெரியும். அவள் குரலுக்கு ஒத்துவராத, தாழ்ந்த சுருதி. அவனுடைய சுருதி. தன் குரலை வருத்தி அவள் அதில் பாடியிருந்தாள். அவன் ஸ்பேனரைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்து அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தான்.

ஜனவரி கடைசியில் செய்தி வந்தது. அவளுக்குக் காகிதம் கிடைத்துவிட்டது, மாதா திருவிழாவுக்கு வருகிறாள். நகரசபைத் தலைவர் விளக்கு, ஒலிபெருக்கி, ராட்சத மேடை என்று தடபுடல் செய்தார். அவள் சொல்லியனுப்பினாள்: மேடை வேண்டாம், பழைய பலகை போதும், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பிக்கலாம், ஒரே ஒரு பாட்டுதான் பாடுவேன்.

எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. ஊர் கூடி நிற்கும்போது அவள் நாலு வரி பாடி நிறுத்தப்போகிறாள். தோரிபியோ பதில் சொன்னால் சரி. சொல்லாவிட்டால், அன்றைக்கு அவன் நின்ற நிலையில் இன்றைக்கு அவள் நிற்பாள்.

"நீ போவியா?" என்றாள் மக்காரியா.

"எனக்கு வேலை இருக்கு."

"திருவிழா அன்னிக்கு எவன்யா மோட்டார் ரிப்பேர் பண்றான்?"

"மோட்டாருக்கு என்ன தெரியும் திருவிழான்னு?"

திருவிழாவன்று மத்தியானம் நெரேய்தா நேராக வீட்டுக்குத்தான் வந்தாள். தோரிபியோ பட்டறைக்குள் இருந்தான். பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே பலகைச் சுவர். கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் வாழையிலையில் கட்டி வேகவைத்த சோளமாவுத் தமாலை அவள் பிரிக்கிற வாசனை வந்தது. குரல் கொஞ்சம் கனத்திருந்தது. சிரிப்பு அதே சிரிப்பு.

"அண்ணன் ஆத்துக்குப் போயிருக்காரா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் மக்காரியா. பொய் சொல்வது அவளுக்குத் தமால் கட்டுவது மாதிரி, கை அதுபாட்டுக்குச் செய்யும்.

"அன்னிக்குப் பாதிப் பாட்டுல விட்டுட்டுப் போனதுக்குத்தானே இத்தனை வருஷக் கோவம்?"

மக்காரியா இன்னொரு தமாலை எடுத்துவைத்தாள். வாக்கு வாக்குதான்.

"சொல்லிட்டுப் போகணும்னுதான் அண்ணி, அண்ணன் காதுகிட்ட வந்தேன். அண்ணன் முகத்தைப் பாத்தேன். 'போகாதே'ன்னு கையைப் பிடிச்சிருந்தா நான் நின்னிருப்பேன். அப்படியே நின்னுபோயிருப்பேன். அதான் வாயில தண்ணின்னு வந்துடுச்சு." வாழையிலையை மடிக்கிற சத்தம் கேட்டது. "அப்புறம் எங்க பாடுனாலும் நாலு வரி முடிஞ்சதும் வாய் தானா மூடிக்கும். அடுத்த வரி எனக்கு வராது அண்ணி. அது என்னுது இல்லையே."

பலகைக்கு இந்தப் பக்கம் தோரிபியோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிரீஸ் அப்பிய கை. அவனுக்குக் கோபம் போய்விடவில்லை. பொய் சொல்வானேன், இன்னும் கூடியது. இவ்வளவு பாசம் இருக்கிறவள் அந்த மூன்று நாளில் ஒரு போன் செய்திருக்கக் கூடாதா என்று நினைத்தான். ஆனால் அவள் கிளம்பிப் போனதும் மச்சில் ஏறினான். கோணி தூசியைக் கக்கியது. தந்திகள் துருப்பிடித்திருந்தன. தூண்டில் நரம்பை வெட்டிக் கட்டினான். அவசரத்துக்கு எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

வெயில் சாயும்போது தேவாலயத்து முன்னால் கூட்டம் நெரிந்தது. கேமராவோடு வந்தவர்கள் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். நெரேய்தா வெள்ளைப் பாவாடையில் பலகைமேல் நின்றாள். ஹரானாக்கள் ஆரம்பித்தன. ஆர்கன் இல்லை, இயந்திரம் இல்லை. அவள் கண் கூட்டத்தை ஒருமுறை சுற்றியது. தேடியது கிடைக்கவில்லை. இருந்தும் பாடினாள்.

"தாகம் எடுத்துத்தான் போனேன்,
தடம்மாறிப் போனதும் நான்தான்;
ஊரூராத் தண்ணி குடிச்சேன்,
உள்நாக்கு நனையலை, என்ன செய்ய?"

நிறுத்தினாள். இடம் வந்தது.

ஒரு வருஷமாக அந்த இடத்தில் பாடிப் பாடிப் பழகிய ஊர். பீர் வண்டிக்காரன் நின்றான், மீன்காரி நின்றாள், பேருந்து ஓட்டுநர் நின்றார். ஒருவர் வாயும் திறக்கவில்லை. பாஸ்குவாலுக்கு மட்டும் உதடு துடித்தது. நாற்பது பதில் வைத்திருக்கிறவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டான். அந்த ஊரை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும்.

ஒரு சுற்று வெறுமனே போனது. கேமராக்காரர்கள் மௌனத்தின் அழகைப் படம் பிடித்தார்கள். நெரேய்தாவின் முகம் வெளிறியது. அவள் மறுபடி பாடவில்லை, இறங்கவும் இல்லை. அடுத்த சுற்று ஆரம்பித்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு ரெக்கின்தோ உள்ளே நுழைந்தது. தூண்டில் நரம்பின் மொட்டையான சத்தம். கூட்டம் தானாக விலகியது. தோரிபியோ வேலைச் சட்டையோடு நின்றிருந்தான். பதினோரு வருஷம் பூட்டிக்கிடந்த குரல், முதல் வார்த்தையில் கரகரத்தது.

"தண்ணி குடிக்கப் போனவளே, உன்னைத்
தண்ணிக்குள்ள தேடினேன் நான்;
விடிய விடியத் துழாவின கையில
வெறும் பாசிதான் வந்தது, தங்கச்சி."

நெரேய்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. மக்காரியாவைப் பார்த்தாள். மக்காரியா சால்வை முனையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பாஸ்குவாலைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சுற்றி நின்ற மீன்பிடிக்காரர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். எல்லா முகமும் அதையேதான் சொன்னது. அப்போது அவளுக்குப் புரிந்தது. அண்ணன் பதினோரு வருஷமாகக் கோபித்துக்கொண்டது பாட்டுக்காக இல்லை.

இப்போது பதில் அவளுடையது. ஊர் ஊராகப் பாடிவந்தவளுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவன் இரண்டாவது தடவையாக, அதே தங்கையின் பதிலுக்காகக் காத்து, அதே கூட்டத்தின் நடுவில் நின்றான்.

"பாவம், தொண்டை அடைச்சுப்போச்சு" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். "போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரட்டும், விடுங்க."

"வேண்டாம்" என்றான் தோரிபியோ. வாசிப்பை நிறுத்தவில்லை. "அவ எங்கயும் போகவேண்டாம். தண்ணியை இங்க கொண்டாங்க."

மக்காரியா பாஸ்குவாலின் கடையிலிருந்து ஒரு குவளையை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தாள். "இந்தா, குடி. இங்கயே நின்னு குடி. நாங்க எல்லாரும் பாக்குறோம்." கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே பாதிப் பேர் அழுதார்கள். நெரேய்தா பலகைமேல் நின்றபடியே, அண்ணன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவன் சுற்றுக்குமேல் சுற்று வாசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. அவள் கண்ணெதிரில் நிற்கிறாள், இனி எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும்.

குவளையை மக்காரியாவிடம் கொடுத்துவிட்டு அவள் பாடினாள். நாலு வரி வரவில்லை, இரண்டுதான் வந்தது.

"கையைக் கொடு அண்ணே, தொட்டுப் பாரு;
கரையிலதான் நிக்கிறேன் நான்."

பாக்கி இரண்டு வரிக்கான இடம் காலியாக இருந்தது. தோரிபியோ பலகையருகே வந்து அதைப் பாடி முடித்தான்.